முழுக் குதிரை வலி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

இப்படி ஆரம்பித்ததுமே அண்ணன் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று, இல்லாத குதிரையைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டேன். இருக்கிற குதிரைக்கே வாலைக் கொஞ்சம் நீட்டி விடுவேன், அவ்வளவுதான். தீவன வண்டி ஓட்டுகிறவன் நான். பள்ளிக்கூடத்துக்கு முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்தவன். நடுவில் உட்கார நேரம் கிடைக்கவில்லை.

கதை சொல்லும்படி ஆனதற்குக் காரணம் லாயத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர். வெளியே மழை. வேலை ஓடவில்லை. எல்லோரும் அண்ணன் சேணம் தைக்கிற அறையில் ஒதுங்கியிருந்தோம். தோலும் மெழுகும் நாறுகிற சின்ன அறை. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்திலிருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. லாடம் அடிக்கிற எங்கள் ஆணி மச்சான் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து இடுக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது புதியவர்களில் ஒருவர் கேட்டார்: ஊரெல்லாம் குதிரைக்கு இடது பக்கமாக நின்றுதானே பிடித்துப் போகிறார்கள், இந்த லாயத்தில் மட்டும் ஏன் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

அதற்குப் பதில் என் அண்ணி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மழையிலும் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். அதனால் பாதியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

அண்ணி இந்த லாயத்துக்கு வந்தது கல்யாணமாகி வந்த வருஷம். ஆணி மச்சான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவன்தான் எங்கள் அண்ணனைப் பிடித்துக் கொடுத்தான். அண்ணனுக்கு நல்லது செய்தானா கெட்டது செய்தானா என்று இன்றுவரை முடிவாகவில்லை. வந்த மறுநாளே அண்ணி வாளியைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அவள் கீழே வைத்ததை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் கையில் வாளி இருக்கும் என்று நான் சொல்வேன். அண்ணன் இல்லை என்பான். அவனுக்கு எப்படித் தெரியும், அவன்தான் முதலில் குறட்டை விடுகிறவன்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. எந்தக் குதிரை இருமுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எந்த வேலைக்காரன் வேலை செய்யாமல் நிற்கிறான் என்பதையும் அப்படியே சொல்வாள். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் ஒரே ஒரு சட்டம்தான் சொல்வாள்: "கயித்த மட்டும் விடாத. கடிச்சாலும் விடாத, உதைச்சாலும் விடாத. விட்டுட்டா என் கண்ணுல படாம அப்படியே வீட்டுக்குப் போயிடு." அந்தச் சட்டத்தில் போனவர்கள் உண்டு. அவளுடைய சித்தப்பா மகனே போனான்.

அவள் வந்த அதே வருஷம் ஒரு பழுப்புக் குட்டியும் லாயத்துக்கு வந்தது. பெண் குட்டி. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் தன் வீட்டு வேலைக்காரர்களைப்போலப் பார்க்கும். சீமாட்டி என்று பேர் விழுந்துவிட்டது. குதிரையேற்றம் கற்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் முதன்முதலில் ஏறியது அதன் முதுகில்தான். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். சீமாட்டி அவள் கையைத் தவிர வேறு கையில் தண்ணீர் குடிக்காது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

குதிரைக்கும் வயசாகும் அல்லவா. கொஞ்சம் கொஞ்சமாகச் சீமாட்டியின் முதுகு தொட்டில் சேலை மாதிரித் தொங்கியது. கழுத்து இடது பக்கமாகக் கோணியது. இடது முன்னங்காலை வைக்கும்போதெல்லாம் தலையை ஒரு குலுக்குக் குலுக்கியது. நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அது தெரியவேயில்லை.

ஒரு நாள் பாடம் நடக்கும்போது சீமாட்டி தடுக்கி முழங்கால் போட்டது. மேலேயிருந்த பெண் விழுந்து தோள் எலும்பு முறிந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. லாயத்து வாசலில் நின்று மெதுவாகத்தான் சொன்னார்: "அது வலியோட நிக்குது. நாம பாசம்னு சொல்லிக்கிட்டு அதை நிக்க வெச்சிருக்கோம். அடுத்த மழை முடியற வரைக்கும் பாருங்க. முடிஞ்சதும் சிமெண்டுத் தரையில ஓட்டிப் பாக்கலாம். அப்பவும் நொண்டினா, டாக்டரம்மா ஊசி போட்டுடட்டும்."

என்ன ஊசி என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி வாளியைக் கீழே வைத்தாள். ஆமாம், அன்றைக்கு வைத்தாள். அதை நானே பார்த்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. ஆணி மச்சான் குளம்பில்தான் கோளாறு, ஒரே சீவாகச் சீவிச் சமமாக்கி விடுகிறேன் என்றான். அண்ணன், குளம்பு கெட்டால் அதைச் சீவுகிறவன்தானே கெடுத்திருப்பான் என்று தட்டைப் பார்த்தபடி சொன்னான். மச்சான் சாப்பிடாமல் எழுந்து போனான். அவன் சாப்பிடாமல் போனதால் அந்தத் தட்டையும் நானே காலி செய்ய வேண்டியதாயிற்று. குடும்பத்துக்காக எவ்வளவோ செய்திருக்கிறேன்.

மறுநாள் குதிரைகளைப் பார்க்கிற டாக்டரம்மா வந்தார். ஒல்லியானவர். காற்றடித்தால் பிடித்து வைக்க வேண்டும். அவர் பையில் அந்த ஊசியும் இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தோம். நொண்டுகிற காலைத் தொடுவார் என்று பார்த்தால் அந்தப் பக்கமே போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் குதிரையின் பின்னாலிருந்து முதுகைப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லுக்குள் கையை விட்டார். விலாவை விரலால் அழுத்தினார். அது தின்னும்போது எப்படி நிற்கிறது என்று வெகுநேரம் சும்மா நின்று பார்த்தார். அண்ணி பொறுமை இழந்து, கால் கீழே இருக்குது டாக்டரம்மா என்றாள்.

"கால் கடைசியாத்தான் அழுதிருக்கு," என்றார் அவர். "இது கால் வலி இல்லம்மா. முழுக் குதிரை வலி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அவர் சொன்னது இதுதான். வாயில் ஒரு பக்கக் கடைவாய்ப்பல் கூராகிக் கன்னத்தைக் குத்துகிறது. அதனால் சீமாட்டி ஒரு பக்கமாகவே மெல்லுகிறது. புல் வைக்கிற கூடை உயரத்தில், இடது மூலையில் தொங்குகிறது. அதனால் தலையைத் தூக்கி, கழுத்தைத் திருகியே தின்கிறது. தலை மேலே போனால் முதுகு கீழே போகும். முதுகு போனதும் சேணம் பொருந்தாமல் தோளில் கடிக்கிறது. தோள் வலித்தால் பாரம் இன்னொரு காலுக்குப் போகிறது. குளம்பு ஒரு பக்கம் தேய்கிறது. எது முதலில் ஆரம்பித்தது என்று மச்சான் கேட்டான். அது குதிரைக்கே தெரியாது என்றார் டாக்டரம்மா.

புல்கூடையை அங்கே தொங்கவிட்டது யார்? அண்ணிதான். தரையில் போட்டால் மண் சேர்ந்துவிடும், சீமாட்டி மண் தின்னக் கூடாது என்று பாசத்தோடு தொங்கவிட்டவள். அவளே ஏணி வைத்து ஏறிக் கூடையை அவிழ்த்தாள். அந்த ஆணியையும் பிடுங்கிப் போட்டாள்.

அண்ணனுடைய முறை இன்னும் மோசம். தன் சேணம் பொருந்தவில்லை என்பதை அவன் எப்படி ஒப்புக்கொள்வான்? "குதிரை மாறிச்சுன்னு சொல்லுங்க, சேணம் மாறல," என்றான். டாக்டரம்மா அவனோடு வாதாடவில்லை. சீமாட்டியின் முதுகில் சுண்ணாம்புப் பொடியைத் தூவி, மேலே சேணத்தை இறுக்கி, கொஞ்சம் நடக்கவிட்டு எடுத்தார். சேணத்தின் அடியில் இரண்டு இடத்தில் மட்டும் வெள்ளை அப்பியிருந்தது, நடுவில் சுத்தமாக ஒன்றும் இல்லை. அண்ணன் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான். போனவன் அன்றைக்கெல்லாம் வெளியே வரவில்லை. ஒரு வருஷம் வரவில்லை என்றுதான் நான் மற்றவர்களிடம் சொல்வது.

அதன் பிறகு யாரும் சீமாட்டிமேல் ஏறவில்லை. டாக்டரம்மா பல்லை அரத்தால் ராவினார். மச்சான் ஒவ்வொரு தடவையும் நகம் வெட்டுகிற அளவுதான் குளம்பைச் சீவ வேண்டும் என்று உத்தரவு. அவனுக்கு அது பட்டினி போட்டதுபோல. தரையில் கட்டைகளைப் பரப்பி அதன்மேல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடக்கப் பழக்கினார்கள். கேரட்டைக் காட்டி விலாப் பக்கம் இழுத்துக் கழுத்தைத் திருப்ப வைத்தார்கள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கேரட் கொண்டுவருவது என் வேலை. வழியில் வண்டி குலுங்கியதில் கொஞ்சம் என் வாயில் விழுந்திருக்கலாம்.

நன்றாகிக்கொண்டு வந்தது. முதுகு கொஞ்சம் மேலே வந்தது. ஒரு நாள் தானாகவே கழுத்தை நீட்டித் தரையிலிருந்து தின்று, பெருமூச்சு விட்டது. அண்ணி அன்று சிரித்தாள்.

மழையும் வந்தது. மழை முடிவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் சீமாட்டி முன்னைவிட மோசமாக நொண்டியது. தலை அப்படிக் குலுங்கியது. அண்ணி முதலில் மச்சானிடம் போய், குளம்பை ஒரேயடியாகச் சீவினாயா என்று கேட்டாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு அண்ணனிடம் போனாள். அவன் தையல் போடாத மெத்தையைக் காட்டி, இன்னும் சேணமே முடியவில்லையே என்றான். மூன்றாவதாக டாக்டரம்மா வந்ததும் அவர்மேல் பாய்ந்தாள்.

"பழசுக்குப் பழகிப்போன உடம்பும்மா அது. அதப் போயி அங்க இழுத்து இங்க இழுத்து நாசம் பண்ணிட்டீங்க. சும்மா விட்டிருந்தா இன்னும் கொஞ்ச காலம் நொண்டிக்கிட்டாவது உயிரோட இருந்திருக்கும்."

டாக்டரம்மா கோபிக்கவில்லை. மழையில் நனைந்தபடி, கொஞ்சம் பிடிச்சு நடத்திக் காட்டுங்க என்றார். அண்ணி நடத்தினாள். போய் வந்தாள். டாக்டரம்மா அப்படியே நின்றார். மறுபடி போகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்க பிடிங்க என்றார். எனக்குக் குதிரை என்றால் தீவனம் போடுகிற தூரத்தில்தான் பழக்கம். ஆனாலும் பிடித்தேன். கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியாத மாதிரி பிடித்தேன், பயத்தில். சீமாட்டியின் தலைக் குலுக்கல் பாதியாகக் குறைந்தது.

அண்ணி என்னை முறைத்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இத்தனை வருஷமும் அண்ணி வலது கையில்தான் தண்ணீர் வாளி தூக்கியிருக்கிறாள். வலது தோள் இறங்கிவிட்டது. குதிரைக்கு இடது பக்கம் நின்று அதே வலது கையால்தான் கயிற்றைப் பிடிக்கிறாள். அந்தத் தோளின் கனம் முழுவதும் குதிரையின் தலையில் தொங்குகிறது. காலை முதல் சாயங்காலம் வரை, ஒரு நாள் விடாமல். குதிரை அந்தப் பக்கம் கோணாமல் என்ன செய்யும்? இப்போது பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அதனால்தான் இந்தக் குலுக்கல்.

நான் பின்னாலிருந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒன்றும் இழுக்கவில்லை. அண்ணியும் சீமாட்டியும் ஒரே பக்கமாக, ஒரே அளவு சாய்ந்து நின்றார்கள்.

"அப்ப நான்தானா," என்றாள் அண்ணி.

"நீங்க மட்டும் இல்லம்மா. நீங்களும்."

அன்று முதல் மருந்து இரண்டு பேருக்கும் ஆனது. அரை வாளி அரை வாளியாக இரண்டு கையிலும் தூக்க வேண்டும். குதிரையின் வலது பக்கம் நின்று, இடது கையால் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷம் இடது பக்கமே நின்றவளுக்கு அது கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. தன் காலிலேயே தடுக்கினாள். அண்ணன் வீட்டுக் கூடத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் குதிரையாக நடந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் கனைத்துக் காட்டினேன். செருப்பு வந்தது.

மழை நின்றது. தரை காய்ந்தது. முதலாளி வந்தார்.

முற்றத்தில் பாதை மாதிரி நீளமாகச் சிமெண்டு போட்டிருக்கும். அதன் கடைசியில் இரும்புக் கதவு. தண்ணீர் லாரி உள்ளே வருவதற்காக அன்று திறந்து கிடந்தது. கதவுக்கு வெளியே பெரிய ரோடு, வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. முதலாளி ஒரு பக்கம் நின்றார். டாக்டரம்மா பையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். மச்சான் கையில் இடுக்கி, அண்ணன் கையில் தையல் ஊசி. இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை, வெறுங்கையோடு நிற்கத் தெரியாமல் எடுத்து வந்திருந்தார்கள்.

அண்ணி வலது பக்கம் நின்று சீமாட்டியை மெல்லோட்டத்தில் ஓட்டினாள். குளம்புச் சத்தம் சீராகக் கேட்டது. தலை குலுங்கவில்லை. போய் வந்தார்கள். நான் மூச்சு விட்டேன்.

முதலாளி தலையை ஆட்டினார். "நல்லாருக்கு. ஆனா பாடம் படிக்க வர்ற பிள்ளைங்க எல்லாம் இடது பக்கந்தான் பிடிப்பாங்க. அந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்துடலாம்."

அவர் கேட்டது நியாயம்தான். அண்ணி சுற்றி வந்து இடது பக்கம் நின்றாள். வலது கை கயிற்றைப் பிடித்தது. அந்தக் கை தானாக இறுகியதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். கிளம்பினார்கள். முதல் அடியிலேயே சீமாட்டியின் தலை குலுங்கியது. இன்னொரு குலுக்கு. குளம்புச் சத்தம் கோணியது. டாக்டரம்மா கண்ணை மூடினார். முதலாளி பையைப் பார்த்தார்.

அண்ணி கயிற்றை விட்டாள்.

கையை அகலத் திறந்து, கீழே விட்டாள். ஒரு நாளும் விடாதவள் விட்டாள். மச்சான் "ஐயோ" என்று முன்னால் பாய, அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சீமாட்டிக்குத் தலையில் இருந்த கனம் போனது தெரிந்திருக்கும். கழுத்தை முன்னால் நீட்டியது. முதுகு எழுந்தது. அண்ணியைத் தாண்டி, திறந்து கிடந்த கதவை நோக்கி நேராக ஓடியது. சத்தம் ஒரே சீர். இத்தனை அழகாக அது ஓடி நான் பார்த்ததில்லை. அதை ரசிக்க முடியாமல் எல்லோரும் ரோட்டையே பார்த்தோம். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போனது.

அண்ணி கூப்பிடவில்லை, ஓடவும் இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு நடுவில் நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

சீமாட்டி கதவுக்குப் பக்கத்தில் நின்றது. ரோட்டைப் பார்த்தது. பிறகு வலது பக்கமாக வளைந்து திரும்பியது. எந்தப் பக்கம் திரும்ப முடியாமல் இத்தனை நாள் கஷ்டப்பட்டதோ, அந்தப் பக்கம். மெதுவாக நடந்து வந்து அண்ணியின் தோளில் மூக்கை வைத்தது. அந்த இறங்கிப்போன தோளில்தான்.

டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார்: பின்னங்கால் ஒன்றில் இன்னும் இறுக்கம் இருக்கிறது, அது முழுக்கப் போகாது, சின்னப் பிள்ளைகளை வைத்து நடக்க மட்டும் விடலாம், ஓட்டக் கூடாது. முதலாளி வெகுநேரம் யோசித்தார். அந்த நேரத்தில் எனக்குத் தலைமுடி நரைத்தது என்று சொல்வேன்.

"அந்தப் பைய வண்டியில வைங்க," என்றார் அவர். அண்ணியைப் பார்த்து, "இனிமே எல்லாரும் ரெண்டு பக்கமும் பிடிக்கப் பழகட்டும். நீங்களே சொல்லிக் குடுங்க," என்றார்.

இதுதான் பதில் என்று நான் புதியவர்களிடம் முடித்தேன். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"ஆக மொத்தம், குதிரைய நிமித்துனது யாருன்னு கேட்டா," என்று ஆரம்பித்தேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு," என்றான் ஆணி மச்சான். "குளம்பு நேரானதும் எல்லாம் நேராச்சு."

அண்ணன் ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினான். "அப்ப நான் புதுசா மெத்தை வெச்சுத் தெச்சது எதுக்கு மாப்ள, உனக்குத் தலகாணிக்கா?"

"சுண்ணாம்புப் பொடியப் பாத்துட்டு உள்ள போயி ஒளிஞ்ச ஆளு பேசறத பாரு."

"ஒரே சீவா சீவறேன்னு நின்ன ஆளு நீ. டாக்டரம்மா இல்லன்னா அன்னிக்கே குதிரை போயிருக்கும்."

புதியவர்களில் ஒருவர், அப்படியானால் பல் ராவியதுதானே முதலில் நடந்தது என்று வாயைத் திறந்தார். இரண்டு பேரும் ஒன்றாக அவர்மேல் பாய்ந்தார்கள். மற்றவர் அவருக்குப் பரிந்து பேச, மச்சான் எழுந்த வேகத்தில் வாளி உருண்டு எண்ணெய் கொட்டியது. அண்ணன் தோலைக் காப்பாற்றத் தூக்கினான். பலகைச் சுவரை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

"தம்பி," என்றது அண்ணியின் குரல். "அந்தக் கூடையத் தொங்கவிட்டதயும் ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா நீ?"

மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் வண்டியைப் பார்த்து ஓடினேன். எனக்குப் பின்னால் மச்சான் குளம்பு என்று கத்த, அண்ணன் சேணம் என்று கத்த, கதவைத் திறந்துகொண்டு அண்ணி உள்ளே போகிற சத்தம் கேட்டது.